‘சேமிக்கப்பட்டது’ என்று சொல்லிவிட்டுச் சேமிக்காத போர்ட்டல்: நாலு ராத்திரி அனுபவம்

அக்கா மகளுக்காகக் கல்லூரி விண்ணப்பம் ஒன்றை ஆன்லைனில் நிரப்ப உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள், முடிக்க எங்களுக்கு நாலு ராத்திரி ஆனது. எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அவளுடைய விண்ணப்பம் இன்னும் அவர்கள் பரிசீலனையில்தான் இருக்கிறது, அவள் அங்கே படிக்க மனதார ஆசைப்படுகிறாள். ஆனால் இந்த மாதிரி போர்ட்டல்கள் எல்லா இடத்திலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கின்றன, அதனால் இதைப் படிக்கிற யாருக்காவது ஒரு ராத்திரி மிச்சமானாலும் போதும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர்ட்டலுக்கு ஐந்துக்கு ஒன்றரை, அவர்களுடைய உதவி மையத்துக்கு ஐந்துக்கு ஐந்து.

அந்த ஒன்றரை எதற்கு என்றால், பிரிவுகளைப் பிரித்திருந்த விதம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மொத்தம் ஏழு பிரிவு, இடது பக்கம் வரிசையாகத் தெரிகிறது, முடித்ததற்குப் பச்சை டிக் விழுகிறது, எந்தப் பிரிவுக்கும் முன்னால் பின்னால் போகலாம். தேவையான ஆவணங்களின் பட்டியலும் முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலிலேயே ஒவ்வொரு கோப்பும் எத்தனை கேபி இருக்க வேண்டும், எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்றும் போட்டிருந்தால் இரண்டாவது ராத்திரி எங்களுக்கு மிச்சமாகியிருக்கும். அது ஐந்தாவது பிரிவுக்குப் போய் அப்லோடு பொத்தானை அழுத்தித் தோற்ற பிறகுதான் தெரிகிறது.

பதிவு செய்யும்போது ஓடிபி வரத் தாமதமானது. பொறுமையில்லாமல் ‘மீண்டும் அனுப்பு’ என்பதை மூன்று தடவை அழுத்திவிட்டோம். பிறகு மூன்றும் ஒன்றாக மின்னஞ்சலில் வந்து விழுந்தன, முதலில் கண்ணில் பட்டதைப் போட்டால் ‘தவறான குறியீடு’ என்று வருகிறது. கடைசியாக அனுப்பியது மட்டும்தான் செல்லும், முந்தையவை எல்லாம் புதிது கிளம்பிய நொடியிலேயே காலாவதி. இதை அந்தப் பெட்டிக்குக் கீழே ஒரு வரியில் எழுதியிருக்கலாம். ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள், இரண்டு நிமிஷம் காத்திருங்கள், ஒரே ஒரு தடவை மட்டும் மறுபடி கேளுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது பெயர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி, இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம். அவளுக்கு ஒரே பெயர், கூட ஒரு இனிஷியல். இனிஷியலுக்குப் புள்ளி வைத்தால் ‘சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை’ என்கிறது, குடும்பப்பெயரைக் காலியாக விட்டால் நகரவே மாட்டேன் என்கிறது. ஒற்றைப் பெயரோடு வாழ்கிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், இந்தோனேசியாவின் முதல் இரண்டு அதிபர்களான சுகர்ணோவும் சுகார்த்தோவும் அப்படித்தான் இருந்தார்கள். அமெரிக்க விசா விண்ணப்பத்தில்கூட, பாஸ்போர்ட்டில் முதற்பெயர் என்று தனியாக எதுவும் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியில் ‘எஃப் என் யு’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்தைப் போடுங்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள், அந்த ஏற்பாடு அழகாக இல்லைதான், ஆனால் நிரப்புகிறவர் தவிக்க வேண்டியதில்லை. இங்கே அப்படி ஒரு குறிப்பும் கிடையாது. கடைசியில் உதவி மையத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்: புள்ளி இல்லாமல் இனிஷியலை மட்டும் குடும்பப்பெயர்ப் பெட்டியில் போட வேண்டும், பத்தாயிரம் பேர் நிரப்பினால் அதில் பாதிப் பேராவது இதே கேள்வியைக் கேட்பார்கள் போலிருக்கிறது, அந்த அம்மா நான் கேட்டு முடிப்பதற்குள் பதிலைச் சொன்னார். உங்களுக்கு என் யோசனை, சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அதையே வைத்துக்கொள்ளுங்கள், எங்கே பிரிப்பது என்பதைப் போர்ட்டலின் ஆட்களிடமே கேட்டுவிடுங்கள், ஊகம் செய்யாதீர்கள். பின்னால் சான்றிதழ் சரிபார்க்கும்போது ஒரு எழுத்து மாறினாலும் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்கும்படி ஆகிவிடும்.

பிறந்த தேதிக்கு ஒரு நாள்காட்டி திறக்கிறது. அது இந்த மாதத்தில் திறக்கிறது, இடது அம்பை ஒரு தடவை அழுத்தினால் ஒரு மாதம் பின்னால் போகிறது. வருஷத்தை நேரே தேர்ந்தெடுக்க வழியே இல்லை. 17 வருஷத்துக்கு 12 வீதம் 204 தடவை, அதற்கு மேலும் சில மாதங்கள். அவள் ஒரு நாற்பது தடவை அழுத்திவிட்டு, “சித்தி, இதுல டைப் பண்ண முடியுது பாருங்க” என்றாள். ஆமாம், பெட்டிக்குள் நேரடியாகத் தட்டச்சு செய்ய முடிந்தது. ஏப்ரல் 7 என்பதை 07/04 என்று போட்டு வருஷத்தையும் போட்டோம், ஏற்றுக்கொண்டது, பச்சை டிக் விழுந்தது, நாங்களும் அடுத்ததற்குப் போய்விட்டோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நாலாவது ராத்திரி திரும்பி வந்தது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். நாலாவது பிரிவில் ஒரு கட்டுரை எழுத வேண்டும், இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று, 2,000 எழுத்துக்குள். அவள் அந்தப் பெட்டிக்குள்ளேயே எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், தடுக்கவில்லை, ஏனென்றால் பக்கத்தின் தலையில் பச்சை நிறத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்று ஒரு பட்டை இருந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் எழுதினாள். பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது அங்கே வேலை செய்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பாட்டியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பழக்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம், அதைப் பற்றி. எனக்கே அதுவரை தெரியாத விஷயம். நல்லாவே எழுதியிருந்தாள். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு ‘சேமித்துத் தொடர்க’ என்பதை அழுத்தினாள், லாகின் பக்கம் வந்து நின்றது. மறுபடி உள்ளே போனால் பெட்டி காலி. மேலே அதே பச்சைப் பட்டை, ‘சேமிக்கப்பட்டது’.

அவள் ஒன்றும் சொல்லவில்லை, மடிக்கணினியை மெதுவாக மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

என்ன நடந்தது என்று மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தப் பச்சைப் பட்டை முந்தைய பிரிவைப் பற்றியது. இந்தப் பிரிவில் ஒரு எழுத்துகூட, பொத்தானை அழுத்தும்வரை, அவர்கள் பக்கம் போகவே இல்லை. பக்கத்தில் எதையும் அழுத்தாமல் 20 நிமிஷம் இருந்தால் லாகின் தானாக முடிந்துவிடும், தட்டச்சு செய்வதைப் போர்ட்டல் ‘அழுத்துவது’ என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதாவது அவள் எழுதிய எழுபது நிமிஷத்தில் கடைசி ஐம்பது நிமிஷம், ஏற்கெனவே மூடிப்போன கதவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள், போர்ட்டலுக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது. பாதுகாப்புக்காக நேர வரம்பு வைப்பது தப்பே இல்லை, பொதுக் கணினியில் யாராவது அப்படியே விட்டுவிட்டுப் போனால் அது தேவை. ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் அல்லவா. இணையப் பக்கங்கள் எல்லாருக்கும் பயன்படும்படி இருக்க டபிள்யு3சி அமைப்பு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், 2008-இல் வந்த 2.0 பதிப்பிலேயே இது இருக்கிறது, அதுவும் அடிப்படை நிலையிலேயே: நேர வரம்பை அணைக்கவோ மாற்றவோ வழி இல்லை என்றால், முடிவதற்கு முன் எச்சரிக்க வேண்டும், ஒரே ஒரு விசையைத் தட்டி நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி கொடுக்க வேண்டும், அப்படிக் குறைந்தது பத்துத் தடவை நீட்டிக்க விட வேண்டும். வங்கிச் செயலிகளில் ‘இன்னும் இருக்கிறீர்களா’ என்று கேட்குமே, அதுதான். பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிற பெட்டிக்கு அந்த மரியாதை வேண்டாமா?

இப்படி ஆகிவிட்டால் மறுபடி லாகின் செய்வதற்கு முன் பிரவுசரில் ஒரு தடவை பின்செல் அம்பை அழுத்திப் பாருங்கள், சில சமயம் பெட்டியில் எழுதியது அப்படியே இருக்கும். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, அவசரத்தில் உள்ளே போய்விட்டோம். நீளமாக எழுத வேண்டியது எதுவானாலும் தனிக் கோப்பில் எழுதிவிட்டுக் கடைசியில் ஒட்டுவதுதான் சரி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: வேர்டு மாதிரியான செயலிகள் மேற்கோள் குறிகளைத் தானாக வளைத்துவிடும், நீளமான கோடு போடும், பழைய போர்ட்டல்கள் அதை வாங்கிக்கொண்டு கேள்விக்குறியாகத் துப்பும். நோட்பேடு போல வெறும் எழுத்து மட்டும் இருக்கிற இடத்தில் ஒரு தடவை ஒட்டி, அங்கிருந்து எடுத்து ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றாவது ராத்திரி மறுபடி எழுதினாள், இந்த முறை தனிக் கோப்பில். பாட்டியின் விரல்கள் இரண்டாவது பதிப்பில் கொஞ்சம் சுருங்கித்தான் போனது, எனக்கு முதல் பதிப்புதான் பிடித்திருந்தது. ஒட்டினோம். பெட்டிக்குக் கீழே எண்ணிக்கை 1,994/2,000 என்று காட்டியது. சேமிக்கப் போனால் ‘எழுத்து வரம்பு மீறப்பட்டது’. பக்கத்திலேயே 1,994 என்று அதுவே காட்டிக்கொண்டிருக்கிறது! ஒரு எழுத்தைக் குறைத்தோம், அதே பிழை. இரண்டு தடவை வெளியேறி உள்ளே வந்தோம். பிரவுசரை மாற்றினோம். குக்கீயை அழித்தோம்.

காலையில் உதவி மையத்துக்குப் போன் செய்தேன். அந்தக் குரலை எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், பெயரின் விஷயத்தில் உதவியவரும் அவர்தான். கட்டுரையில் என்ன இருக்கிறது, எத்தனை எழுத்து என்றெல்லாம் அவர் கேட்கவே இல்லை. “பத்திக்கும் பத்திக்கும் நடுவுல வெத்து வரி விட்டிருக்கீங்களா மேடம்?” என்றார். விட்டிருந்தோம், ஐந்து பத்தி, நடுவில் நாலு இடைவெளி. “அதை எடுத்துட்டு ஒரே ஒரு என்டர் மட்டும் வைங்க, போயிடும்.” போய்விட்டது.

எப்படி என்று கேட்டேன், அவரும் பொறுமையாகச் சொன்னார், பிறகு நானும் தேடிப் படித்தேன். நாம் என்டர் விசையைத் தட்டினால் திரையில் எண்ணுகிற நிரல் அதை ஒரு எழுத்தாக எண்ணுகிறது. ஆனால் பிரவுசர் ஃபார்மை அனுப்பும்போது ஒவ்வொரு வரி முறிவையும் இரண்டு எழுத்தாக மாற்றி அனுப்புகிறது, அதுதான் விதி. பழைய டெலிடைப் எந்திரங்களில் அச்சடிக்கும் முனையை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோக ஒரு குறி, காகிதத்தை ஒரு வரி நகர்த்த இன்னொரு குறி என்று இருந்ததாம், அந்த இரட்டைக் குறி இன்றைக்கும் தொடர்கிறது. எங்கள் கட்டுரையில் நாலு இடைவெளிக்கு எட்டு என்டர், எட்டும் பதினாறாக, 1,994 என்பது 2,002 ஆகிவிட்டது. ஒரே ஒரு எழுத்தைக் குறைத்தது அதனால்தான் போதவில்லை. அவர்களுடைய சர்வருக்கு அந்த மிகை எழுத்துகளின் எண்ணிக்கை துல்லியமாகத் தெரியும். ‘நீங்கள் அனுப்பியது 2,002’ என்று அந்த எண்ணை மட்டும் சொல்லியிருந்தால் போதும், நாங்களே கண்டுபிடித்திருப்போம்.

மற்ற இடங்களில் எப்படி என்று பார்த்தபோது இந்த வரம்புகள் எதுவுமே ஒரே மாதிரி இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான காமன் ஆப்பில் முதன்மைக் கட்டுரைக்கு 650 சொல், அங்கே கணக்கு சொல்லில். அதே ஃபார்மில் பாடத்துக்கு வெளியே செய்த செயல்பாடுகளைப் பத்து வரைக்கும் சொல்லலாம், ஒவ்வொன்றின் விவரமும் 150 எழுத்துக்குள், அங்கே கணக்கு எழுத்தில். பிரிட்டனின் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூகாஸில் இடைவெளியோடு சேர்த்து 4,000 எழுத்து, 2026-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அதை ஒரே கட்டுரையாக எழுதாமல் மூன்று கேள்விகளுக்குப் பிரித்து எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்து. சொல்லா எழுத்தா, இடைவெளி சேர்த்தா சேர்க்காமலா என்பதை முதலில் பார்த்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள், வரம்புக்கு ஐம்பது அறுபது எழுத்து கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதையும் சொல்ல வேண்டும், பெரிய தளங்களுக்கும் தடுமாற்றம் வந்திருக்கிறது. 2013-இல் காமன் ஆப் புதிய பதிப்புக்கு மாறியபோது ஒட்டிய கட்டுரைகள் உருக்குலைந்தன, விண்ணப்பங்கள் போய்ச் சேரவில்லை, அந்த அக்டோபரில் பல கல்லூரிகள் கடைசித் தேதியைத் தள்ளிவைத்தன. அமெரிக்க மாணவர் நிதியுதவி ஃபார்மான ஃபாஃப்ஸாவின் புதிய பதிப்பு 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோது 2000-ஆம் ஆண்டில் பிறந்தவர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் நகர முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். ஆக, நிரப்பத் தெரியாமல்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள் என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர்களைத் திட்டாதீர்கள். பிழை ஃபார்மில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இரண்டாவது ராத்திரியின் கதை புகைப்படம். 20 முதல் 50 கேபி, ஜேபெக் வடிவம். போனில் எடுத்த படம் மூன்று எம்பிக்கு மேல். அதுகூடப் பரவாயில்லை, குறைத்துவிடலாம், ஆனால் குறைத்த பிறகும் ‘செல்லாத கோப்பு’ என்றது. படம் ஐபோனில் எடுத்தது, 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெய்க் என்ற வடிவத்தில்தான் சேமிக்கின்றன. கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எழுத்துகளை மாற்றினால் போதும் என்று நினைத்து அதைத்தான் செய்துகொண்டிருந்தோம், உறையில் எழுதியிருக்கிற விலாசத்தை மாற்றினால் உள்ளே இருக்கிற கடிதம் மாறுமா? போனில் கேமரா அமைப்பில் வடிவத்தை ‘அதிகப் பொருத்தம்’ என்று மாற்றி மறுபடி ஒரு படம் எடுத்து அளவைக் குறைத்துப் போட்டோம், உடனே ஏற்றுக்கொண்டது. மதிப்பெண் பட்டியலும் ஏறவில்லை, அதற்குக் காரணம் கோப்பின் பெயரில் இருந்த அடைப்புக்குறி. ஒரே கோப்பை இரண்டு தடவை பதிவிறக்கினால் பெயருக்குப் பின்னால் தானாக ஒரு 1 அடைப்புக்குறிக்குள் சேருமே, அதுதான். இதுவும் ‘செல்லாத கோப்பு’ என்ற அதே இரண்டு சொல்லில்தான் வருகிறது. மூன்று வெவ்வேறு காரணம், ஒரே செய்தி.

அளவைக் குறைப்பதற்கு ஒரு வழி. ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று, ஸ்கேன் செய்தால் 2,480க்கு 3,508 புள்ளி வரும், 150 ஆக்கினால் 1,240க்கு 1,754, மொத்தப் புள்ளிகள் கால்வாசிதான், எழுத்து அப்போதும் தெளிவாகவே படிக்க முடியும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் இன்னும் குறையும். முதலில் புள்ளிகளைக் குறைத்துவிட்டு, அப்புறம்தான் தரத்தில் கை வைக்க வேண்டும். அவசரத்தில் பலர், தேடியதும் முதலில் வருகிற ஏதோ ஒரு இலவசத் தளத்தில் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஏற்றிச் சுருக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, கையெழுத்து, படம் நாலும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் போய்ச் சேருகிறது. போனிலும் கணினியிலும் ஏற்கெனவே இருக்கிற படச் செயலிகளே அளவை மாற்றும்.

நாலாவது ராத்திரி, எல்லாப் பிரிவிலும் பச்சை டிக். கடைசித் தேதிக்கு ஒரு நாள்தான் பாக்கி. ‘இறுதியாகச் சமர்ப்பி’ என்பதை அழுத்தினால் சிவப்பில் ஒரே வரி: ‘தகுதி நிபந்தனைகள் பொருந்தவில்லை.’ எந்தத் தகுதி? மதிப்பெண்ணா, பாடமா, வேறு எதுவுமா? ஒன்றும் இல்லை. அக்கா அதைப் படித்துவிட்டு, இவளுக்கு இந்தக் கல்லூரி கிடையாது என்றே முடிவு செய்துவிட்டாள். “விடுடி, வேற பார்த்துக்கலாம்” என்று என்னிடம் சொன்னாள். நான் மதிப்பெண்களை மூன்று தடவை சரிபார்த்தேன். அக்கா மகள்தான் ப்ரீவியூ பிடிஎஃப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தாள், பெயர், பாலினம், பிறந்த தேதி, அங்கே நின்றுவிட்டாள். ‘4 ஜூலை’ என்று மாதத்தின் பெயரோடு அச்சாகியிருந்தது. நாங்கள் தட்டிய 07/04-ஐ அது மாதம் முதலில் என்று படித்திருக்கிறது. மூன்று மாதம் தள்ளிப்போனதில், அவர்கள் குறித்திருந்த நாளுக்குள் 17 வயது நிறையவில்லை, அதுதான் பொருந்தாத தகுதி. வருஷம், மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்குப் போகிற ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் 1988-இலிருந்தே இருக்கிறது. அதெல்லாம்கூட வேண்டாம், பெட்டிக்குள் ‘மாதம்/நாள்’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்பு, அல்லது ‘வயது போதவில்லை’ என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தால் அக்கா அந்த ராத்திரி அப்படிப் பேசியிருக்க மாட்டாள். எத்தனை வீட்டில் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள் என்று நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. பிழை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எழுத்தில் சுட்டிக்காட்ட வேண்டும் என்பதும் அதே டபிள்யு3சி நெறிகளில், அதே அடிப்படை நிலையில் இருக்கிற விஷயம்தான்.

அதே பிடிஎஃப்பில் இன்னொன்றும் அகப்பட்டது. பெற்றோர் மின்னஞ்சல் என்ற இடத்தில் என்னுடைய முகவரி இருந்தது, பிரவுசர் தானாக நிரப்பியது. மடிக்கணினி என்னுடையது. இன்னொருவர் கணினியில் நிரப்பினால் தானாக நிரப்புவதை அணைத்துவிடுங்கள், பக்கத்தைத் தானாக மொழிபெயர்ப்பதையும் அணைத்துவிடுங்கள், இரண்டுமே பெட்டிகளில் கை வைக்கும்.

கட்டணம் கட்டும்போது வழக்கமான கதை. பணம் போய்விட்டது, திரை ‘நிலுவையில்’ என்றது. மறுபடி கட்டவில்லை, பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, திரையைப் படம் பிடித்துக்கொண்டு, மின்னஞ்சல் ஒன்று அனுப்பிவிட்டுப் படுத்தோம், காலையில் ‘வெற்றி’ என்று மாறியிருந்தது. கட்டணம் கட்டுவதும் சமர்ப்பிப்பதும் பெரும்பாலான இடங்களில் தனித்தனி வேலை, பணம் போனதோடு முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். காமன் ஆப்பிலும் கட்டிய பிறகு கையெழுத்திட்டுச் சமர்ப்பிக்கிற படி தனியாக இருக்கிறது, முடிந்தால் திரையில் வண்ணக் காகிதத் துணுக்குகள் கொட்டும், கொட்டவில்லை என்றால் முடியவில்லை. எங்கள் போர்ட்டலில் அப்படி எதுவும் இல்லை, காலையில் பணம் ‘வெற்றி’ ஆன பிறகும் நிலை ‘வரைவு’ என்றே இருந்தது, சமர்ப்பி பொத்தானை மறுபடி போய் அழுத்த வேண்டியிருந்தது.

கடைசி நேரம் என்ன என்பதிலும் கவனம் வேண்டும். இவர்கள் ஒரு தேதியைப் போட்டு ‘நள்ளிரவு 12 மணி’ என்று எழுதியிருந்தார்கள், அந்த நாள் தொடங்குகிற நள்ளிரவா முடிகிற நள்ளிரவா என்று அதையும் போன் செய்துதான் கேட்டோம். காமன் ஆப்பில் இரவு 11:59, அதுவும் விண்ணப்பிக்கிறவர் இருக்கிற இடத்து நேரம். யூகாஸில் மாலை 6 மணி, பிரிட்டன் நேரம். இரண்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது.

உதவி மையத்துக்கு ஐந்துக்கு ஐந்து ஏன் என்று இதற்குள் புரிந்திருக்கும். மூன்று தடவை பேசினேன், மூன்று தடவையும் நாலு ரிங் போவதற்குள் எடுத்தார்கள், ஒரு தடவைகூட ‘இணையதளத்தில் பாருங்கள்’ என்று தட்டிக்கழிக்கவில்லை. போர்ட்டல் சொல்லாமல் விட்டதை எல்லாம் அந்த ஒரு அம்மா நாள் முழுக்க உட்கார்ந்து வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார். இங்கே எழுதியிருப்பதை எல்லாம் வரிசையாக அவர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன், எந்தப் பெட்டி, என்ன செய்தி வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று. தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. தேதிப் பெட்டியை மட்டுமாவது உடனே மாற்றுங்கள் என்று திருப்பி எழுதினேன்.

அவள் இப்போது தினமும் காலையில் லாகின் செய்து பார்க்கிறாள், மஞ்சள் நிறத்தில் ‘பரிசீலனையில்’ என்று இருக்கிறது. அடுத்த வாரம் இன்னொரு கல்லூரியின் ஃபார்ம் திறக்கிறது. கட்டுரை தனிக் கோப்பில் தயாராக இருக்கிறது, பாட்டியின் விரல்களை மறுபடி விரிவாக எழுதிவிட்டாள், 1,900 எழுத்து, வெற்று வரி இல்லாமல்.